கேக்கில் கலந்திருப்பது என்ன?

தோட்டத்துச் சகோதரிகளே! தீபாவளிக்குச் சுட்ட கேக்கை அண்டை வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கும் தட்டில் வைத்து அனுப்புகிறோம். "பன்றி இறைச்சி சேர்க்கவில்லை" என்றால் போதுமா? போதாது.

சிங்கப்பூரின் வடகிழக்கில் உள்ள செங்காங்கை எடுத்துக்கொள்வோம். 2003-இல் ரயில் வந்தது. 2009-இல் அல்-மவத்தா பள்ளிவாசல் திறக்கப்பட்டது. அடுக்குமாடியின் ஒரே நடைவழியில் சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று எல்லார் வீட்டுக் கதவும் இருக்கும். அங்கே வாழ்க்கைப்பட்ட உங்கள் மகள் கேக் சுடுவதானால், முதலில் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்கட்டும்.

471 என்ற எண் எண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்த்து வைக்கும் பொருளைக் குறிக்கும். அதைச் செம்பனை எண்ணெயிலிருந்தும் எடுக்கலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் எடுக்கலாம். நீங்கள் அறுத்த குலையா, பன்றிக் கொழுப்பா என்பதை எண் சொல்லாது! ரொட்டி மாவை இளக்கும் 920 பறவை இறகிலிருந்தும் கிடைக்கும். 120 என்பது பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம். வெனிலா எசன்ஸில் பெரும்பாலும் ஆல்கஹால் உண்டு. ஜெலட்டின் பன்றி அல்லது மாட்டின் தோல், எலும்பிலிருந்து வருவது. மாடு என்றாலும் முறைப்படி அறுத்ததா என்று முஸ்லிம்கள் கேட்பார்கள். நம்மில் பலருக்கும் மாடு ஆகாதே! அதற்குப் பதில் கடற்பாசி போடலாம்.

பட்டியலைப் படித்தாலும் சில விஷயங்கள் தெரியாது. இந்தோனேசியாவில் 2001-ஆம் ஆண்டு ஜனவரியில் அஜினோமோட்டோ கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. கிருமியை வளர்க்கும் ஊட்டத்தைத் தயாரிக்கப் பன்றியிலிருந்து எடுத்த நொதியைப் பயன்படுத்தியதே காரணம். பொட்டலத்தைப் பார்த்து இதை யார் கண்டுபிடிப்பார்?

அதனால்தான் ஹலால் முத்திரை தேவைப்படுகிறது. சிங்கப்பூரில் 1968-இல் அமைந்த இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ், 1978 முதல் ஹலால் சான்றிதழ் வழங்கி வருகிறது. மலேசியாவில் ஜாக்கிம் முத்திரையைப் பாருங்கள். மார்ஜரின், எசன்ஸ், சாயம் எல்லாவற்றிலும் தனித்தனியே தேடுங்கள். ஒன்றில் இருப்பது மற்றதற்கு ஆகாது. வெண்ணெய் தடவும் பிரஷ் பன்றி முடியில் செய்ததா என்றும் பாருங்கள்.

இவ்வளவு பார்த்தும் ஐயம் தீரவில்லையா? ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். கேக்குக்குப் பதில் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தாலும் அன்பு குறையாது. தெரியாமல் ஊட்டிவிட்டுப் பின்னால் தெரியவந்தால், உடைந்த நம்பிக்கையை ஒட்டவைக்க எந்தக் கடையிலும் பொருள் கிடைக்காது.