கிரேட் டேன் வயிறு திரும்பும்போது

உலகின் உயரமான நாய் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிய கிரேட் டேன்களின் வயதைப் பார்த்தால் மனசு சங்கடப்படும். அமெரிக்காவின் மிச்சிகனில் இருந்த ஜீயஸ், தோள்வரை மட்டுமே 111.8 செ.மீ. உயரம், 2014-இல் இறந்தபோது வயது ஐந்து. டெக்சாஸில் அதே பெயரில் இன்னொன்று. எலும்புப் புற்றுநோய்க்காக அதன் காலை எடுத்தார்கள். பிறகு நிமோனியா வந்து 2023-இல் மூன்று வயதில் போய்விட்டது. அடுத்த வருடம் பட்டம் பெற்ற அயோவாவின் கெவினும் மூன்று வயதில், பட்டம் அறிவித்த சில நாட்களிலேயே இறந்தது.

இவை உச்சபட்ச உயரங்கள். சாதாரண கிரேட் டேனுக்கும் ஆயுள் ஏழிலிருந்து பத்து வருடம்தான். பிறக்கும்போது அரைக் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும் குட்டி, முதல் பிறந்த நாளுக்குள் 45, 50 கிலோவைத் தொட்டுவிடுகிறது. இந்த வேகத்துக்கு உடம்பு விலை கொடுக்கிறது.

நாம் வேறு அவசரப்படுத்துகிறோம். ஜாதி நாய்க் குட்டி வாங்கிய கையோடு கால்சியம் சிரப்பும் வாங்குவது நம் ஊர் வழக்கம். நெதர்லாந்தின் யுட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹேசவிங்கல் குழுவினர் கிரேட் டேன் குட்டிகளை வைத்தே இதை ஆராய்ந்தார்கள். கால்சியம் அதிகம் கொடுத்த குட்டிகளுக்கு எலும்பு வளர்ச்சி கெட்டது. வேண்டாததைத் தள்ளிவிட இளங்குட்டியின் குடலுக்குத் தெரியாது. பெரிய இனக் குட்டிகளுக்கென்று வரும் தீவனத்தில் கணக்காகவே சேர்த்திருக்கிறார்கள். அதற்கு மேல் சிரப் எதற்கு?

வளர்ந்தபின் வருவன வேறு. இதயத் தசை மெலிந்து அறை பெருத்துப்போவது ஒன்று: கொஞ்சம் நடந்தாலே களைப்பு, இருமல், திடீர் மயக்கம். கழுத்தெலும்பு தண்டுவடத்தை அழுத்தினால் பின்னங்கால் தடுமாறும். முன்னங்கால் மணிக்கட்டுக்கு மேல் வீங்கி நொண்டினால் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும். சுளுக்கு என்று எண்ணெய் தடவிக்கொண்டிருந்தால், அது எலும்புப் புற்றாக இருக்கும் பட்சத்தில் வாரங்கள் வீணாகும்.

இவற்றுக்கெல்லாம் யோசிக்க நாளிருக்கிறது. வயிறு திரும்புவதற்கு அது இல்லை.

இரவுச் சாப்பாடு முடிந்து ஒன்றிரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். நாய் படுக்கும், எழும், மறுபடி இடம் மாறும். வாந்தி எடுக்க முக்கும். வெள்ளை நுரையும் எச்சிலும் தவிர எதுவும் வராது. விலா எலும்புக்குப் பின்னால் வயிறு புடைத்து, தட்டினால் டொம்மென்று கேட்கும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்திருக்கும். உள்ளே, காற்றால் உப்பிய இரைப்பை சுழன்று, இரு முனையும் முறுக்கிய மிட்டாய்த்தாள் போல, மேலும் கீழும் வழி அடைபட்டுவிட்டது. பெரிய ரத்த நாளம் நசுங்கி இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது. இரைப்பைச் சுவர் அழுகத் தொடங்குகிறது. ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம் என்று காலைவரை காத்திருந்தால் நாய் இருக்காது. அறுவை சிகிச்சை வசதியுள்ள இடத்துக்கு உடனே போக வேண்டும். இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்பதை நாய் வாங்கும்போதே விசாரித்து வைப்பது நல்லது.

ஒரு கிரேட் டேனுக்கு வாழ்நாளில் இது வர நூற்றுக்கு 42 வாய்ப்பு என்பது அமெரிக்கக் கணக்கு. அங்கே பர்டூ பல்கலைக்கழகத்தில் லாரி கிளிக்மன் குழுவினர் ஆயிரக்கணக்கான நாய்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவசரமாக விழுங்கும் நாய், வயதான நாய், பெற்றோருக்கோ உடன்பிறந்ததற்கோ இது வந்த நாய் ஆகியவற்றுக்கு ஆபத்து அதிகம் என்று தெரிந்தது. (கார்ட்டூனில் அள்ளி விழுங்கும் ஸ்கூபி டூவும் கிரேட் டேன்தான்!) உயரமான நாய் குனிய வேண்டாமே என்று ஸ்டாண்டில் தட்டு வைக்கிறோம் அல்லவா? அதுவும் ஆபத்தைக் கூட்டுவதாகவே அந்த ஆய்வு சொன்னது. கடைகளில் ஸ்டாண்ட் என்னவோ இன்னமும் விற்கிறார்கள். சாப்பாட்டை ஒரே வேளையாகப் போடாமல் இரண்டு மூன்றாகப் பிரித்துக் கொடுக்கலாம்.

இன்னும் உறுதியான வழி, முன்கூட்டியே இரைப்பையை வலப்பக்க வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடுவது. பெண் நாய்க்குக் கருத்தடை செய்ய எப்படியும் வயிற்றைத் திறக்கிறார்கள். அதே மயக்கத்தில் இதையும் முடித்துவிடலாம். தைத்த இரைப்பையிலும் காற்று சேரும், உப்பும். சுழல்வது மட்டும் அபூர்வம். அதனால் டாக்டரிடம் கொண்டுசேர்க்க அவகாசம் கிடைக்கும்.