ஊசியும் நூலும் உள்ளத்தின் அமைதியும்

சென்ற ஆண்டு நமது வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், மாதர் கூடித் தையல் பழகிவந்த அறையை உரக்கிடங்காக மாற்றவேண்டுமென ஊராட்சி மன்றத்தார் கோரினர். வருவாய் தராத பூவேலைக்கு அறை எதற்கு என்பது அவர்தம் வாதம். நாமும் முதலில் அதனைச் சரியென்றே எண்ணினோம். அப்போது அங்கிருந்த மூதாட்டி ஒருவர், "ஐயா, மகன் போனபின் நான் வீட்டைவிட்டு வருவது இங்கு மட்டுந்தான்" என்றார். அச்சொல் நம்மைச் சிந்திக்க வைத்தது.

கவலையுற்ற மனம் ஒரே நினைவைச் சுற்றிச் சுற்றி வரும். சங்கிலித் தையல் போடுங்கால் கண்ணும் கையும் எண்ணிக்கையும் ஒன்றுபட வேண்டியிருத்தலின், அந்நினைவு சற்றே விலகி நிற்கிறது. மாலைக்குள் ஒரு பூ முடிந்தால், நம்மாலும் ஒன்று ஆயிற்று என்ற நிறைவு பிறக்கிறது. தையல் தவறினால் பிரித்துப் போடலாம். பருவம் தவறிய விதைப்பைப்போல் ஆண்டு முழுவதும் வருத்துவதில்லை.

2013-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், 31 நாடுகளைச் சேர்ந்த 3,500-க்கு மேற்பட்ட பின்னல் வேலை செய்வோர் வினாக்களுக்கு விடையளித்தனர். அடிக்கடி பின்னுவோர் மிகுந்த அமைதியும் மகிழ்ச்சியும் அடைவதாகக் கூறினர். பலரோடு கூடிப் பின்னுவதிலும் நன்மை கண்டனர். இவை அவர்களே கூறியவை. ஆதலின் முடிந்த முடிபு அன்று. எனினும் நாம் நேரிற் கண்டதோடு இவை பொருந்துகின்றன.

இது மகளிர்க்கே உரியதென்று கருதற்க. முதல் உலகப் போரில் காயமுற்று மருத்துவமனைகளில் கிடந்த பிரிட்டிஷ் போர்வீரர் பலர் பூத்தையல் பழகினர். லண்டன் தூய பவுல் பேராலயத்துப் பலிபீட விரிப்பு ஒன்று அத்தகையோர் கைவண்ணமே.

ஊராட்சி மன்றத்தார் செய்யவேண்டுவது சிறிதே. வாரம் இருநாள் மாலையில் ஓர் அறை, நல்ல விளக்கு, ஊசி, நூல், கத்தரிக்கோல், போர்வை தைக்கப் பழம்புடவைகள் ஆகியவை போதும். முதியோர்க்குக் கண்ணாடி தேவையா என்று பார்த்தல் நலம். இத்தனை உருப்படி முடிக்கவேண்டும் என்ற கணக்கு மட்டும் வேண்டா.

ஊசிவேலை மருந்தாகாது. பல நாள் உறக்கமும் உணவுமின்றி வாடுவோரையும், வாழ்வை வெறுத்துப் பேசுவோரையும் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லவேண்டும். டெலி மனாஸ் என்னும் அரசு மனநலச் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

அவ்வூரில் உரமூட்டைகளுக்கு வேறு இடம் கிடைத்தது. மூதாட்டி இன்றும் அவ்வறைக்கு வருகிறார். உங்கள் ஊரிலும் அத்தகையோர் இருப்பர். அடுத்த மன்றக் கூட்டத்தில் அவர்களுக்கென ஓர் அறையைப்பற்றிப் பேசுவீர்களாக.