நகர் மன்றத்தில் ஒலிக்கும் செபம்

நாட்டை ஆள்வோருக்காகச் செபிப்பது திருச்சபைக்குப் புதிதல்ல. அரசர்களுக்காகவும் உயர் பொறுப்பில் உள்ளோர் அனைவருக்காகவும் மன்றாட வேண்டும் என்று திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகம் கேட்டுக்கொண்டபோது, உரோமையை ஆண்டவர்கள் கிறிஸ்தவர்கள் அல்லர். புனித வெள்ளி வழிபாட்டின் பொது மன்றாட்டுக்களில் இன்றும் நாம் ஆட்சிப் பொறுப்பில் உள்ளவர்களுக்காக வேண்டுகிறோம். அதே வரிசையில் யூத மக்களுக்காகவும், கிறிஸ்துவை நம்பாதவர்களுக்காகவும், கடவுளையே நம்பாதவர்களுக்காகவும் மன்றாடுகிறோம்.

இவையெல்லாம் நம் கோவிலுக்குள் நடப்பவை. இதே செபத்தை, வரி செலுத்தும் எல்லாருக்கும் பொதுவான ஒரு நகர் மன்றத்தில், கூட்டத்தின் முதல் நிகழ்ச்சியாகச் சொல்லலாமா? மேலை நாடுகள் சிலவற்றில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம்வரை சென்றிருக்கிறது. அதில் கத்தோலிக்கராகிய நாமும் சம்பந்தப்பட்டிருக்கிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூயார்க் மாநிலத்தில், ரோச்செஸ்டர் நகரை ஒட்டி கிரீஸ் என்றோர் ஊர் இருக்கிறது. பெயர் மட்டும்தான் கிரேக்க நாட்டினுடையது. ஏறத்தாழ 95 ஆயிரம் பேர் வாழும் இவ்வூரின் நகர் மன்றம் மாதந்தோறும் கூடும். தொடக்கத்தில் சிறிது நேரம் மௌனம் காப்பதே அங்கு வழக்கம். 1999ம் ஆண்டில் மன்றத் தலைவர் அதை மாற்றி, உள்ளூர் மதப்பணியாளர் ஒருவரை அழைத்துச் செபிக்கச் சொல்லும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். ஊரின் விவரக் கையேட்டில் இருந்த ஆலயங்களை மன்ற ஊழியர் ஒருவர் ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் அழைப்பார். வர இசைந்தவர் அம்மாதத்தின் ஆன்மகுரு. கையேட்டில் இருந்தவை ஏறக்குறைய எல்லாமே கிறிஸ்தவ ஆலயங்கள். யூதர்களின் தொழுகைக்கூடங்கள் ஊர் எல்லைக்கு அப்பால் இருந்தன. ஆகவே 1999 முதல் 2007 வரை செபித்தவர்கள் அனைவரும் கிறிஸ்தவர்களாகவே இருந்தார்கள். யாரையும் ஒதுக்க வேண்டும் என்று அங்கு யாரும் திட்டமிடவில்லை. பெரும்பான்மையாக இருப்பவர்களுக்கு இப்படித்தான் நேரும், கதவைச் சாத்தாமலேயே பிறர் வெளியே நின்றுவிடுவார்கள்.

அந்தக் கூட்டங்களுக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்த இரண்டு பெண்கள் 2007ல் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஒருவர் யூதர், மற்றவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். செபங்களில் இயேசுவின் பெயர் திரும்பத் திரும்ப ஒலிப்பதாகவும், அரசு தங்களை வெளியாராக நடத்துவதாகவும் அவர்கள் கூறினர். அதன் பிறகு மன்றம் யூதர் ஒருவரையும், பஹாய் சமயத்தவர் ஒருவரையும், தாமாகவே கேட்டு வந்த விக்கா சமயப் பெண் பூசாரி ஒருவரையும் அழைத்தது. ஆனால் செபிக்க வந்த போதகர் ஒருவரோ, எதிர்ப்பவர்கள் சிறுபான்மையினர் என்றும், நாட்டின் வரலாறு அறியாதவர்கள் என்றும் அந்த இடத்திலேயே குறை கூறினார். செபத்தை வைத்துப் பக்கத்து இருக்கையில் இருப்பவரைக் கடிந்துகொள்ளும் இந்தச் சோதனை நம் பங்குகளுக்கும் தெரியாததல்ல! 2008ல் வழக்குத் தொடுக்கப்பட்டது.

2014ம் ஆண்டு மே 5ம் தேதி, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் நகர் மன்றத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நெப்ராஸ்கா மாநிலச் சட்டமன்றத்தின் செபத்தை 1983ல் அதே நீதிமன்றம் ஏற்றிருந்தது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் முதல் நாடாளுமன்றமே ஆன்மகுருக்களை நியமித்த வரலாறும் இருந்தது. இவற்றைச் சுட்டிக்காட்டிய நீதிபதி கென்னடி, செபத்தில் எந்தப் பெயர் வரலாம், எது வரக்கூடாது என்று அரசு தணிக்கை செய்யத் தொடங்கினால் அதுவே பெரிய தலையீடாகிவிடும் என்றார். இது சரியான கருத்தென்றே நமக்குத் தோன்றுகிறது. யாருக்கும் வலிக்காத பொதுச் சொற்களாக மாற்றப்பட்ட செபத்தை அரசு அதிகாரி எழுதித் தருவார் என்றால், அதைச் செபம் என்று எப்படி அழைப்பது? அதே சமயம், செபங்கள் தொடர்ந்து பிறரை இழிவுபடுத்தினாலோ, நரகத்தைக் காட்டி மிரட்டினாலோ, மதம் மாற அழைத்தாலோ நிலைமை வேறு என்றும் அவர் வரம்பிட்டார்.

மாற்றுத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கேகன் அம்மையார் செபத்தையே நிறுத்தச் சொல்லவில்லை. பல சமயத்தவரையும் அழைக்கலாம், அல்லது எல்லாரும் இணையக்கூடிய சொற்களில் செபிக்கும்படி கேட்டுக்கொள்ளலாம் என்றுதான் சொன்னார். ஆனால் அவர் கவனித்த ஒரு சிறு விடயம் நம்மை யோசிக்க வைக்கிறது. சட்டமன்றத்தில் செபம் உறுப்பினர்களுக்காகச் சொல்லப்படுகிறது. கிரீஸ் ஊரிலோ, செபித்தவர் மன்ற உறுப்பினர்களுக்கு முதுகைக் காட்டி, வந்திருந்த மக்களைப் பார்த்து நின்றார். எல்லாரும் எழுந்து தலை வணங்கும்படி பல வேளைகளில் கேட்டுக்கொள்ளப்பட்டனர். மன்ற உறுப்பினர் சிலர் சிலுவை அடையாளமும் வரைந்துகொண்டனர். மக்கள் கூட்டமும் சிறியது, அதில் குழந்தைகளும் இருந்தார்கள்.

இப்போது ஒரு மனுவோடு வந்திருக்கும் பெண்ணை எண்ணிப் பார்ப்போம். தெருமுனையில் போக்குவரத்து விளக்கு வேண்டும், அல்லது வீட்டை ஒட்டி ஒரு அறை கட்ட அனுமதி வேண்டும். எதிரே இருக்கும் ஐந்து பேர்தான் அதை முடிவு செய்யப்போகிறவர்கள். எல்லாரும் எழுந்து தலை வணங்கும்போது அவர் அமர்ந்திருந்தால் ஐவரும் பார்ப்பார்கள். எழுந்து வணங்கினால் அவருடைய மனச்சான்று பார்க்கும். வெளியே போய்விட்டுப் பிறகு வரலாம் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. போகலாம்தான். ஆனால் அதையும் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

அந்தத் தீர்ப்பில் பெரும்பான்மையாக நின்ற ஐந்து நீதிபதிகளும் கத்தோலிக்கர்கள். மறுத்த நால்வரில் மூவர் யூதர்கள், ஒருவர் கத்தோலிக்கர். சட்டம் மதத்தைப் பார்த்து எழுதப்படுவதில்லை என்பது உண்மைதான். ஆயினும் அந்நாட்டுக் கத்தோலிக்கரின் பழைய கதையை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு சற்று உறுத்தும்.

ஏனெனில் ஒரு காலத்தில் அந்தப் பெண்ணின் இடத்தில் நின்றவர்கள் நாம்தான். 19ம் நூற்றாண்டில் அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் பிரிந்த சகோதரர்களின் விவிலியமே வாசிக்கப்பட்டது, அவர்களுடைய முறைப்படியே செபங்கள் சொல்லப்பட்டன. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு அதிலிருந்து விலக்கு வேண்டும் என்று பிலடெல்பியா ஆயர் கென்ரிக் 1842ல் கேட்டார். அது பெரும் பகையாக மாறி, 1844ம் ஆண்டு கலவரத்தில் புனித மிக்கேல் ஆலயமும் புனித அகுஸ்தினார் ஆலயமும் தீக்கிரையாயின. 1859ல் பாஸ்டன் நகரின் எலியட் பள்ளியில், பத்துக் கட்டளைகளைப் பிரிந்த சபையாரின் பாடத்தின்படி ஒப்பிக்க மறுத்த தாமஸ் வால் என்ற கத்தோலிக்கச் சிறுவனின் கைகளில் ஆசிரியர் பிரம்பால் நெடுநேரம் அடித்தார். வழக்கு நடந்து, ஆசிரியர் விடுவிக்கப்பட்டார். கட்டளைகள் இரு தரப்பாருக்கும் பத்துதான். எண்ணும் முறையும் சொற்களும்தான் வேறு. பெரும்பான்மையினருக்கு அது அற்ப வேறுபாடாகத் தெரிந்தது. அந்தச் சிறுவனுக்கு அப்படித் தெரியவில்லை.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் நிலைமை தலைகீழ். அங்கே பெரும்பான்மை நாம். சாகெனே நகர மேயர் கூட்டத்தைத் தொடங்குமுன் ஒலிபெருக்கியில் தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் சிலுவை அடையாளம் வரைந்து செபிப்பார். ஒரு மன்ற அறையில் பாடுபட்ட சிலுவையும், மற்றொன்றில் திரு இருதய ஆண்டவர் சுரூபமும் இருந்தன. நம்பிக்கையற்ற ஒரு குடிமகன் முறையிட்டபோது, 2008ல் நகராட்சி ஒரு விதி இயற்றியது. செபம் முடிந்து இரண்டு நிமிடம் கழித்தே கூட்டம் தொடங்கும், விரும்பாதவர்கள் அதற்குள் வந்து அமரலாம். 2015ம் ஆண்டு ஏப்ரல் 15ம் தேதி கனடா உச்ச நீதிமன்றம், அரசு எந்த நம்பிக்கைக்கும் நம்பிக்கையின்மைக்கும் சாயாமல் இருக்க வேண்டும் என்று கூறி, அந்தச் செபத்தை நிறுத்த ஆணையிட்டது. அந்த இரண்டு நிமிடம், விலகி நிற்பவர்களை எல்லார் கண்ணிலும் படும்படி செய்ததே தவிர, அவர்களைக் காக்கவில்லை என்பதே நம் எண்ணம்.

இங்கிலாந்து வேறு வழி கண்டது. பிட்ஃபோர்ட் நகர் மன்றச் செபத்துக்குச் சட்டத்தில் இடமில்லை என்று 2012ல் உயர் நீதிமன்றம் சொல்ல, 2015ல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றி அனுமதி தந்துவிட்டது.

சட்டம் அனுமதிப்பது ஒன்று, நற்செய்தி கேட்பது வேறொன்று. பிறர் பார்க்கும்படி நின்று செபிப்பதை விட்டுவிட்டு, அறைக் கதவை அடைத்து மறைவாய் உள்ள தந்தையை நோக்கி வேண்டும்படி மலைப்பொழிவில் ஆண்டவர் கற்பித்தார். மதச் சுதந்திரம் குறித்து 1965 டிசம்பர் 7ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட அறிக்கை, நம்பிக்கையைப் பரப்பும்போது வற்புறுத்தலின் சாயல்கூட இருக்கலாகாது என்கிறது. ஒரு நாட்டில் ஒரு சமயத்துக்குத் தனி இடம் இருந்தாலும் மற்றவர்களின் உரிமை மதிக்கப்பட வேண்டும் என்றும் அது கேட்கிறது. ஆகவே ஒரு மன்றத்தில் செபிக்க நம்மவர் அழைக்கப்பட்டால், போகக்கூடாது என்று நாம் சொல்லமாட்டோம். உறுப்பினர்களை நோக்கித் திரும்பி, அவர்களுக்காகச் செபிக்கலாம். மக்களை எழச் சொல்ல வேண்டியதில்லை. மனுவோடு வந்திருக்கும் பெண்ணுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்று செபத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

கிரீஸ் ஊரில் தீர்ப்புக்குப் பின் இன்னொரு காட்சியும் நடந்தது. 2014 ஜூலை மாதக் கூட்டத்தை, கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவர் தம் உரையோடு தொடங்கி வைத்தார்.