அக்காளுக்கு ஒரு நோய், தங்கைக்கு ஒரு நோய்! ஊருக்கு ஊர் புற்றுநோய் மாறுவது ஏன்?

ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு கிராமம். அங்கே ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காளுக்கு 17 வயதில் கல்யாணம். பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டாள். நாலு பிள்ளைகள். நாற்று நடுவாள், களை எடுப்பாள். இடுப்பில் சுருக்குப் பை. அதில் வெற்றிலை, பாக்கு, புகையிலை.

தங்கை படித்தாள். சென்னையில் உத்தியோகம். 29 வயதில் கல்யாணம். ஒரே ஒரு குழந்தை. நாற்காலியில் உட்கார்ந்து வேலை. வெற்றிலையைத் தொடுவதே இல்லை.

இருவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒரே ரத்தம். ஆனால், இவர்களுக்குப் புற்றுநோய் வருவதானால் ஒரே புற்றுநோய் வருமா?

பெரும்பாலும் வராது என்கிறார்கள் டாக்டர்கள். தங்கை பயப்பட வேண்டியது மார்பகப் புற்றுநோய்க்கு. அக்காள் பயப்பட வேண்டியது கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் வாய்ப் புற்றுநோய்க்கும்.

இது ஜோசியம் அல்ல. தலை எண்ணிக் கண்ட கணக்கு!

புதுக்கோட்டைப் பெண்

இந்தக் கணக்கின் கதை புதுக்கோட்டையில் இருந்துதான் தொடங்குகிறது.

1886-ம் ஆண்டு புதுக்கோட்டை சமஸ்தானத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் முத்துலட்சுமி. பெண்கள் பள்ளிக்கூடம் போவதே அதிசயமாக இருந்த காலம். அவரோ மகாராஜா கல்லூரியில் சேர்ந்து ஆண் பிள்ளைகளோடு படித்தார். ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடம் கொடுக்கச் சொன்னதால் படிப்பு நடந்தது. 1912-ல் சென்னையில் டாக்டர் பட்டம் பெற்றார். 1927-ல் சென்னைச் சட்டசபைக்குப் போனார். அவர்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

அவர் பெரிய டாக்டர். ஆனாலும் சொந்தத் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. புற்றுநோய் தங்கையைக் கொண்டுபோய்விட்டது. அந்தத் துக்கம் அவர் மனதை விட்டுப் போகவே இல்லை. புற்றுநோய்க்கென்று தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ந்தேதி சென்னை அடையாற்றில் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அப்போது அதில் இருந்த படுக்கைகள் எத்தனை தெரியுமா? பன்னிரண்டே பன்னிரண்டு!

முத்துலட்சுமி ரெட்டியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். சாந்தா 2021-ல் மறையும்வரை அந்த ஆஸ்பத்திரியே அவருக்கு வீடு.

தலை எண்ணும் வேலை

வருகிற நோயாளிக்கு வைத்தியம் செய்தால் போதாதா? எண்ணிக்கை எதற்கு?

ஒரு ஊரில் திருட்டு அதிகம் என்றால் எந்தத் தெரு, எந்த நேரம் என்று போலீசார் குறித்து வைக்கிறார்கள் அல்லவா? அதுபோலத்தான். எந்த ஊரில், எந்த வயதில், உடம்பின் எந்த இடத்தில் நோய் வருகிறது என்று குறித்தால்தான் காரணம் பிடிபடும்.

அடையாறு ஆஸ்பத்திரியில் 1980-களின் தொடக்கத்தில் சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியது. பதிவேட்டு ஊழியர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போவார்கள். சதைப் பரிசோதனை செய்யும் இடங்களுக்குப் போவார்கள். மரணப் பதிவையும் புரட்டுவார்கள். ஒரே நோயாளி மூன்று ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் ஒரு தலையாகத்தான் எண்ணுவார்கள். மணமேல்குடிக்காரர் சென்னைக்கு வந்து வைத்தியம் பார்த்தால் அவர் சென்னைக் கணக்கில் சேரமாட்டார். குடியிருக்கும் ஊர்க் கணக்கில்தான் சேருவார்.

இன்னொரு நுட்பமும் உண்டு. புற்றுநோய் வயது ஏற ஏறக் கூடும் நோய். நம் கிராமங்களிலோ இளவட்டங்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போய்விட, திண்ணையில் கிழவர் கிழவிகள்தான் மிச்சம். அப்படியே எண்ணினால் கிராமத்துக்கு அநியாயம் ஆகிவிடும். ஆகவே வயது வித்தியாசத்தைக் கழித்துச் சரிசெய்து, 'லட்சம் பேருக்கு இத்தனை பேர்' என்று சொல்வார்கள். தராசின் இரு தட்டையும் முதலில் சரிபார்ப்பது மாதிரி.

நாட்டுப்புறத்துக்கு என்றே இந்தியாவில் முதன்முதலாகப் பதிவேடு தொடங்கியது 1987-ல், மகாராஷ்டிரத்தின் பார்சியில். பிறகு நம் திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையிலும் ஒன்று வந்தது. 2012-ல் தமிழ்நாடு முழுவதற்கும் கணக்கெடுக்கத் திட்டம் போட்டார்கள். புதுக்கோட்டையும் அதில் அடக்கம்.

பட்டணத்து நோயா?

'புற்றுநோய் பட்டணத்து நோய். கஞ்சி குடிக்கிற நமக்கு வராது' என்று கிராமத்தில் சொல்பவர்கள் உண்டு. இதில் பாதி உண்மை, பாதி ஆபத்து.

2020-ல் வெளியான அகில இந்தியக் கணக்கைப் பாருங்கள். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத், பீட் மாவட்டங்களில் ஆண்களில் லட்சம் பேருக்கு 40 பேருக்கும் சற்றுக் குறைவு. (உஸ்மானாபாத்துக்கு இப்போது தாராசிவ் என்று பெயர்.) இரண்டும் கிராமங்கள் நிறைந்த மாவட்டங்கள். ஆனால், நாட்டிலேயே மிக அதிகம் எங்கே? பம்பாயா? டில்லியா? இல்லை! மிசோராம் மலையில் உள்ள ஐஸ்வால் மாவட்டத்தில்! அங்கே ஆண்களில் லட்சம் பேருக்கு 269 பேர். அந்த மலைநாட்டில் புகையிலைப் பழக்கம் மிக அதிகம். புகையிலைப் புகையைத் தண்ணீரில் ஏற்றி, அந்தத் தண்ணீரை வாயில் வைத்துக்கொள்வதுகூட அங்கே ஒரு வழக்கம்!

ஆகவே பட்டணமா, பட்டிக்காடா என்பது மட்டும் அல்ல. வாழும் விதம்தான் பெரிய காரணம். இதற்கு வெளிநாட்டிலும் சாட்சி உண்டு. ஜப்பானியருக்கு இரைப்பைப் புற்றுநோய் அதிகம். ஜப்பானியப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் குறைவாக இருந்தது. அவர்களில் பலர் அமெரிக்காவின் ஹவாய்த் தீவில் குடியேறினார்கள். ஒன்றிரண்டு தலைமுறையில் நிலைமை தலைகீழ்! இரைப்பைப் புற்று குறைந்தது. மார்பகப் புற்று ஏறியது. ரத்தம் மாறவில்லை. ஊரும் உணவும் நடையும் மாறின.

கன்னிமாடத்தில் கண்டது

தங்கைக்கு மார்பகப் புற்றுநோய் ஆபத்து ஏன் கூடுகிறது?

1713-ல் ராமசினி என்ற இத்தாலிய வைத்தியர் ஒரு விந்தையைக் கண்டார். கன்னிமாடங்களில் வாழும் கன்னியாஸ்திரீகளுக்கு மற்றப் பெண்களைவிட மார்பகப் புற்றுநோய் அதிகமாக இருந்தது. பிள்ளை பெறாததற்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று.

மாதவிலக்கு மாதா மாதம் வரும்போது பெண் உடம்பில் சில சுரப்பு நீர்கள் ஏறி இறங்குகின்றன. கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் அதற்கு ஓய்வு கிடைக்கிறது. சீக்கிரம் பிள்ளை பெற்று, பல பிள்ளைகளுக்கு நீண்ட நாள் தாய்ப்பால் கொடுத்தவளுக்கு அந்த ஓய்வு அதிகம். முப்பது வயதுக்குமேல் ஒரே பிள்ளை பெற்றவளுக்குக் குறைவு. உடல் பருமனும், உடம்பு அசையாத வேலையும் ஆபத்தைக் கூட்டும். அந்த 2020 கணக்குப்படி சென்னைப் பெண்களில் லட்சத்துக்குச் சுமார் 42 பேருக்கு மார்பகப் புற்றுநோய். உஸ்மானாபாத், பீட் பக்கத்தில் அதில் பாதிகூட இல்லை.

அதற்காகப் பெண்கள் படிக்கவே வேண்டாம், 17 வயதிலே கட்டிக்கொடுங்கள் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்! அக்காள் கதையைக் கேளுங்கள்.

அக்காளைத் தாக்கும் நோய்

கருப்பையின் வாசலில் வருவது கருப்பைவாய்ப் புற்றுநோய். இதற்குக் காரணம் ஒரு கிருமி. அதைக் கண்டுபிடித்த ஜெர்மன் டாக்டர் ஹரால்டு சுர் ஹாசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது.

தாம்பத்திய உறவில் இந்தக் கிருமி ஒருவரிடம் இருந்து ஒருவருக்குப் போகிறது. பெரும்பாலோர் உடம்பில் அது தானே அழிந்துவிடும். சிலரிடம் மட்டும் தங்கிவிடும். தங்கினாலும் உடனே புற்று ஆகாது. பத்து, இருபது ஆண்டுகூட ஆகும். இளவயதுக் கல்யாணம், அடுத்தடுத்த பிரசவம், புகையிலை இவை எல்லாம் அந்தக் கிருமிக்குத் துணை. இதில் பெண்ணின் நடத்தையைச் சந்தேகிக்க ஒன்றுமே இல்லை. கணவன் ஒருவனையே அறிந்த பெண்ணுக்கும் வரும்.

சென்னையிலும் 1980-களில் பெண்களிடம் முதல் இடத்தில் இருந்தது இந்தப் புற்றுதான். கல்யாண வயது ஏறியது. பிள்ளைகள் குறைந்தன. சுகாதாரம் கூடியது. இன்று அது பாதிக்கும் கீழே இறங்கி, மார்பகப் புற்று முதல் இடத்தைப் பிடித்துவிட்டது. கிராமங்களில் அந்த இறக்கம் மெதுவாகத்தான் நடக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்திலோ ஐந்து பேரில் நாலு பேர் கிராமவாசிகள்!

வினிகர் செய்த வேலை

இதில் ஒரு நல்ல சேதி உண்டு. அதுவும் நம் தமிழ்நாட்டுச் சேதி.

2000-ம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் ஒரு பெரிய சோதனை தொடங்கியது. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைக் கூப்பிட்டார்கள். பயிற்சி பெற்ற நர்சுகள் கருப்பைவாயில் நீர்த்த வினிகர் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார்கள். கெட்டுப்போகத் தொடங்கிய இடம் இருந்தால் வெள்ளையாகத் தெரியும். அந்த இடத்தைக் கடுங்குளிரால் உறையவைத்து அழித்தார்கள்.

பரிசோதனைக்கு வந்த பெண்கள் 31,343 பேர்! எல்லாம் கூலி வேலைக்கும் வயல் வேலைக்கும் போகிற பெண்கள். முடிவு 2007-ல் லண்டன் மருத்துவப் பத்திரிகையில் வெளியாகி உலகமே பார்த்தது. பரிசோதனை நடந்த ஊர்களில், நடக்காத ஊர்களைவிட நோய் 25 சதவீதம் குறைவு. சாவு 35 சதவீதம் குறைவு. பெரிய மெஷின் இல்லை. ஊறுகாயில் ஊற்றுகிற வினிகரின் சரக்குத்தான்!

இப்போது தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதான பெண்களுக்கு இந்தப் பரிசோதனையும் மார்பகப் பரிசோதனையும் இலவசமாகச் செய்கிறார்கள். வயதுக்கு வரும் பருவத்துச் சிறுமிகளுக்குப் போட, அந்தக் கிருமிக்கு எதிரான தடுப்பூசியும் வந்துவிட்டது.

சுருக்குப் பையில் இருப்பது

இனி வாய்ப் புற்றுநோய். இதில் ஆண், பெண் பேதம் இல்லை.

வெற்றிலைத் தாம்பூலம் நமக்கு மங்கலப் பொருள். அதோடு புகையிலையைச் சேர்த்துக் கன்னத்தில் ஒதுக்கி, மணிக்கணக்கில் வைத்திருப்பதுதான் வினை. சிலர் ஒதுக்கியபடியே தூங்கிப்போவார்கள்! இரவு முழுவதும் அந்தச் சாறு ஒரே இடத்தில் ஊறுகிறது. 'நான் புகையிலை போடுவதில்லை. பாக்கு மட்டும்தான்' என்று தப்பிக்கவும் வழி இல்லை. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ல் அறிவித்துவிட்டது. வெற்றிலைக்காரரின் வாய் வரவரச் சரியாகத் திறக்க முடியாமல் போனால் அது முதல் மணி. கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு, மூன்று வாரமாகியும் ஆறாத புண், இவை இரண்டாம் மணி.

பீடிக்கும் சிகரெட்டுக்கும் இதே நியாயம்தான். அங்கே வாயோடு தொண்டையும் நுரையீரலும் சேர்ந்துகொள்கின்றன.

வலிக்கவில்லையே!

நோய் வருவதில் பட்டணம் முந்துகிறது. ஆனால் நோய் வந்த பிறகு? இங்கேதான் கிராமம் தோற்றுப்போகிறது.

தங்கை மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் சாயங்காலமே டாக்டரைப் பார்த்துவிடலாம். அக்காளுக்கு? முதலில் வெட்கம். அப்புறம் பஸ். தஞ்சாவூர் அல்லது திருச்சி ஆஸ்பத்திரி என்றால் புதுக்கோட்டையில் இருந்தே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். போனால் அன்றைய கூலி போச்சு. கூட வருகிறவருக்கும் கூலி போச்சு. அறுப்பு முடியட்டும், பொங்கல் முடியட்டும், பெண் பிரசவம் ஆகட்டும் என்று நாள் தள்ளுவாள். எல்லாவற்றுக்கும் மேல், 'வலிக்கவில்லையே!' என்பாள்.

தாய்மார்களே! இந்த நோயின் தந்திரமே அதுதான். தொடக்கத்தில் வலிக்காது. மார்பில் வலி இல்லாத கட்டி, மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் படுவது, உறவுக்குப் பின் ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளை படுதல் - இவற்றில் எது கண்டாலும் அந்த வாரமே காட்டவேண்டும். ஆண்களும்தான்! மலத்தில் ரத்தம் போனால் மூலம், சீதபேதி என்று நாமே பெயர் வைத்துக் கைமருந்தில் காலம் கழிக்கக்கூடாது.

ஒன்றாகச் சாப்பிட்டால், துணியைத் தொட்டால் புற்றுநோய் ஒட்டாது. நோயாளிக்குத் தனித் தட்டு வைத்துத் திண்ணையில் ஒதுக்குகிற கொடுமை இன்னும் சில வீடுகளில் நடக்கிறது. நோயைவிட அதுதான் அவர்களை முதலில் கொல்லுகிறது.

புதுக்கோட்டையில் 2017-ல் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வந்துவிட்டது. முதலில் அங்கேயோ, உள்ளூர் சுகாதார நிலையத்திலோ காட்டலாம். ரேஷன் கார்டும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் கையில் இருந்தால், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது அலைச்சல் குறையும்.

வினிகர் பரிசோதனைக்கு ஆகும் நேரம் சில நிமிஷம். பார்ப்பவர் பெண் நர்ஸ். மாதவிலக்கு நாட்களில் மட்டும் போக வேண்டாம். மாமியார், மருமகள் இரண்டு பேரும் ஒரே நாளில் துணையாகப் போய்விட்டு, மத்தியானச் சமையலுக்கு வீடு திரும்பிவிடலாம்.