வெண்ணெய்க்கு வேர்க்கும் ஊரில் பிஸ்கட்

லண்டனிலிருந்து வரும் உறவினரின் பெட்டியில் சிவப்புக் கட்டம் போட்ட தகர டப்பா ஒன்று எப்படியும் இருக்கும். உள்ளே ஷார்ட்பிரெட். ஸ்காட்லாந்தில் 1898-இல் ஜோசப் வாக்கர் என்பவர் தொடங்கிய பேக்கரியின் சரக்கு. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தால் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும்: மைதா, வெண்ணெய், சர்க்கரை, உப்பு. முட்டை கிடையாது, பேக்கிங் பவுடர் கிடையாது. இதை நாமே செய்துவிடலாமே என்று யாருக்குத்தான் தோன்றாது? செய்து பார்த்தால், வட்ட வட்டமாக வைத்ததெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, தட்டு முழுக்க ஒரே அடையாகக் கிடக்கும். உடனே செய்முறையைத் திட்டுவோம். செய்முறை மேல் தப்பில்லை. அது பிறந்த ஊர் வேறு, நம் ஊர் வேறு.

அந்தப் பேக்கரி இன்று இருக்கும் அபர்லவர் என்ற சிற்றூரில் நல்ல கோடையிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். அங்கே மேடைமேல் வெண்ணெயை எடுத்து வைத்தால், விரலால் அழுத்தினால் குழி விழும், ஆனால் விரலில் வழியாது. செய்முறைகள் கேட்பது அந்தப் பதத்தைத்தான். சென்னையை ஒட்டிய எங்கள் சிறுசேரியில் மே மாதச் சமையலறை சாதாரணமாக 34, 35 டிகிரி. வெண்ணெய் முழுக்க உருகி முடிவதும் ஏறத்தாழ அதே சூட்டில்தான். சர்க்கரையை அளந்து முடிப்பதற்குள் வெண்ணெய் எண்ணெயாகப் பார்க்கும். போதாததற்குக் கிழக்கே முட்டுக்காடு, அதைத் தாண்டிக் கடல். காற்றில் ஈரத்துக்கும் குறைவில்லை.

வெண்ணெய் கெட்டியாக இருந்தால் என்ன, உருகினால் என்ன? இங்கேதான் விஷயமே இருக்கிறது. வெண்ணெய் முறுக்கு பிசையும்போது மாவில் முதலில் வெண்ணெயைப் போட்டுக் கையால் உதிர்த்துவிட்டு, அப்புறம்தான் தண்ணீர் தெளிப்பார்கள். வெண்ணெய் குறைந்தால் முறுக்கு கடக் என்றிருக்கும், சரியாக இருந்தால் வாயில் கரையும். ஷார்ட்பிரெட்டிலும் அதே வேலைதான், ஆனால் மாவு மைதா. மைதாவில் தண்ணீர் பட்டுப் பிசைந்தால் பசைத்தன்மை கூடி, ரப்பர் மாதிரி இழுபடும். பரோட்டாவுக்கு அது வரம், பிஸ்கட்டுக்குச் சாபம். கொழுப்பு ஒவ்வொரு மாவுத் துகளையும் மூடிக்கொண்டால் தண்ணீர் உள்ளே போகாது, இழுபடாது. மீதிக் கொழுப்பு கெட்டியாகவே அடுப்புக்குள் போனால், அது உருகி ஓடுவதற்குள் ஓரங்கள் கொஞ்சமாவது இறுகிவிடும். ஏற்கெனவே உருகியிருந்தால் மாவைத் தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லை. அந்த அடை அப்படி வந்ததுதான்.

அளவு சுலபம். எடையில் ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மாவு. 100 கிராம், 200 கிராம், 300 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டம்ளர் கணக்கு வேண்டாம். மைதாவை அழுத்தி அள்ளினால் ஒரு எடை, தளர்வாக அள்ளினால் வேறு எடை. சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள், அது பல்லாண்டு உழைக்கும். இன்னொன்று, ஸ்காட்லாந்துக்காரர்களே மாவில் ஒரு பகுதியை அரிசி மாவாக மாற்றும் வழக்கம் உண்டு. 250 கிராம் மைதாவோடு 50 கிராம் பச்சரிசி மாவு. அரிசி மாவுக்கு இழுபடும் குணம் இல்லாததால் மொறுமொறுப்பு கூடும். அவர்களுக்கு அது கடையில் தேடி வாங்கும் சாமான். நமக்கு இடியாப்பத்துக்கு வைத்ததிலிருந்து ஒரு கை.

சர்க்கரையைப் பொடித்துத்தான் போட வேண்டும். நம் ஊர்ச் சர்க்கரை பரல் பெரிது, வெண்ணெயில் சீராகக் கலக்காமல் கிடக்கும். மிக்ஸியில் பொடித்தால் பொடி சூடாகும். ஆறவிட்டுச் சேருங்கள். அந்தச் சூடே வெண்ணெயை உருக்கப் போதும்.

வெண்ணெயில் உப்பில்லாத சமையல் வெண்ணெய்தான் நல்லது. ஆவினில் கிடைக்கும். உப்பு அரை டீஸ்பூன் நாமே போட்டுக்கொள்ளலாம். பாக்கெட் வெண்ணெயில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு, 16 சதவீதம் வரை தண்ணீர். ஊத்துக்குளி வெண்ணெய் போலச் சில்லறையாக வாங்கும் வெள்ளை வெண்ணெயின் வாசனைக்கு நானும் அடிமைதான், ஆனால் அதில் ஈரம் எவ்வளவு என்று வெளியே பார்த்தால் தெரியாது. அதை நெய்யாகக் காய்ச்சிப் பயன்படுத்துவது உத்தமம். நெய் கிட்டத்தட்ட முழுக் கொழுப்பு என்பதால் 200 கிராம் வெண்ணெய்க்கு 160 கிராம் நெய் போதும். ஃபிரிட்ஜில் வைத்து இறுகவிட்டு எடுங்கள். தீபாவளிக்குச் செய்யும் நெய் பிஸ்கட்டின் உறவுக்காரன் மாதிரி வரும். ஷார்ட்பிரெட் என்று சொன்னால் ஸ்காட்லாந்துக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். ருசியில் குறை சொல்லவும் மாட்டார்.

வெறும் ஷார்ட்பிரெட்டோடு நிற்காமல் இதில் பழமும் சாக்லேட்டும் சேர்க்கப் போகிறோம். முதலில் பழம். புதுப் பழத்தை நினைக்கவே வேண்டாம். மாம்பழமோ ஸ்ட்ராபெரியோ தண்ணீரை விட்டுவிட்டு மாவைக் களியாக்கும். உலர் திராட்சை, பேரீச்சை, பாகில் போட்ட ஆரஞ்சுத் தோல், டூட்டி ஃப்ரூட்டி இவையெல்லாம் சரி. திராட்சையைக் கழுவினால் மின்விசிறிக்குக் கீழே நன்றாக உலர்த்துங்கள்.

டூட்டி ஃப்ரூட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மின்னும் அந்தத் துண்டுகளைப் பலர் ஏதோ சீமைப் பழம் என்று நினைக்கிறார்கள். அது பப்பாளிக் காய். பப்பாளிக் காயின் தோலில் கீறல் போட்டால் வடியும் பாலிலிருந்து பப்பைன் என்ற நொதி எடுக்கிறார்கள். மருந்துக்கும் தோல் பதனிடவும் இறைச்சியை மெத்தென்றாக்கவும் அது போகிறது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 2, கோ 5 ரகங்கள் இந்தப் பால் எடுப்பதற்குப் பேர் போனவை. கீறல் விழுந்த காய் பழக்கடையில் விலை போகாது. அப்படிப்பட்ட காய்களும் துண்டாகி, சாயமும் பாகும் ஏறி, டூட்டி ஃப்ரூட்டியாக பேக்கரிக்கு வந்து சேர்கின்றன. சொந்த ருசி என்று அதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, இனிப்பும் மெல்லும் சுகமும்தான். ஆகவே அதனோடு ஆரஞ்சுத் தோலையோ எலுமிச்சைத் தோல் துருவலையோ சேர்த்தால்தான் எடுபடும்.

சாக்லேட் வாங்கும்போது அட்டையின் பின்பக்கம் பாருங்கள். கோகோ வெண்ணெய் என்றிருந்தால் அசல். அதற்குப் பதில் ஹைட்ரஜன் ஏற்றிய தாவரக் கொழுப்பு என்றிருந்தால் அது காம்பவுண்ட். காம்பவுண்ட் நம் வெயிலைத் தாங்கும், விலையும் குறைவு. ஆனால் நாக்கில் மெழுகு மாதிரி படியும். வெண்ணெய்க்கு இவ்வளவு செலவு செய்துவிட்டு இங்கே மிச்சம் பிடிப்பதில் எனக்குச் சம்மதமில்லை. கோகோ இப்போது நமக்குத் தூரத்துச் சரக்கும் அல்ல. பொள்ளாச்சி பக்கம் தென்னைக்கு ஊடுபயிராக அது நிற்கிறது. விதையைப் புளிக்கவைத்து, உலர்த்தி, வறுத்து, அரைத்துச் சாக்லேட்டாக்குகிறவர்கள் பொள்ளாச்சியிலும் ஆரோவில்லிலும் இருக்கிறார்கள். பழத்தின் இனிப்புக்கு எதிர்நிற்க 60, 70 சதவீதக் கறுப்புச் சாக்லேட் பொருத்தம். கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரியில் உருகும், அதாவது நம் சமையலறையிலேயே. நறுக்கிய துண்டுகளைப் பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்துவிட்டுக் கடைசியில் போடுங்கள். இல்லாவிட்டால் மாவெல்லாம் சேறு பூசிக்கொள்ளும்.

பழமும் சாக்லேட்டும் சேர்ந்து 150 கிராமைத் தாண்ட வேண்டாம். கொண்டைக்கடலை அளவுத் துண்டு போதும். ஆசைக்கு அதிகம் போட்டால் மாவு சேர்ந்து நிற்காது.

பிசைவது என்ற பேச்சே இல்லை. வெண்ணெயை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சின்னத் துண்டுகளாக்கி, ஐந்தாறு நிமிடத்தில் சர்க்கரைப் பொடியோடு மரக்கரண்டியால் குழையுங்கள். நுரைக்க அடிக்க வேண்டாம். மாவைச் சேர்த்து விரல் நுனியால் உதிர்த்து, பழம், சாக்லேட் போட்டு, சேர்த்துப் பிடித்தால் போதும். உள்ளங்கை சூடானது, விரல் நுனி அவ்வளவு இல்லை. எங்கள் பக்கத்து அடுக்ககங்களில் ஏசி இருப்பது படுக்கையறையில்தான். பாத்திரத்தோடு அங்கே போய் உட்கார்ந்துகொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாவை உருளையாக உருட்டி, பட்டர் பேப்பரில் சுற்றி, ஃபிரிட்ஜில் ஒரு மணி நேரமாவது வையுங்கள். அதற்குள் ஒரு டீ என்ன, இரண்டு டீ குடிக்கலாம். பிறகு பல் வைத்த கத்தியால் சுண்டுவிரல் கனத்தில் வில்லைகளாக அறுங்கள். பழத்துண்டு கத்தியில் மாட்டி வில்லை உடைந்தால் அழுத்தி ஒட்டிவிடலாம். வெளியே துருத்தும் திராட்சையை உள்ளே தள்ளிவிடுங்கள், அடுப்பில் முதலில் கருகுவது அதுதான்.

ஓடிஜியில் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியட்டும். 160 டிகிரி, பதினைந்து நிமிடம் முன்சூடு, நடுத்தட்டில் பதினெட்டு முதல் இருபது நிமிடம். குமிழில் எழுதியிருக்கும் டிகிரியை நம்பி மோசம் போகாதீர்கள். உள்ளே தொங்கவிடும் சின்ன வெப்பமானி பேக்கிங் சாமான் கடைகளில் கிடைக்கும். கரண்ட் போனால் அடுக்ககத்து ஜெனரேட்டர் ஃபிரிட்ஜையும் விளக்கையும் காப்பாற்றும். 1500 வாட் ஓடிஜி அந்த இணைப்பில் ட்ரிப் ஆகிவிடும். மழைக்காலச் சாயங்காலங்களில் இதை யோசித்துத் தொடங்குங்கள்.

ஓரம் மட்டும் பொன்னிறமானதும் எடுத்துவிடுங்கள். தொட்டால் மெத்தென்று இருக்கும், வேகவில்லையோ என்று தோன்றும். உள்ளே வெண்ணெய் உருகிய நிலையில் இருக்கிறது, அவ்வளவுதான். தட்டிலேயே பத்து நிமிடம் விட்டால் இறுகும். ஆறியபின் சாக்லேட் மேல் சாம்பல் பூத்தது போலத் தெரிந்தால் அது பூஞ்சை அல்ல. உருகி மறுபடி உறைந்த கோகோ வெண்ணெய்தான் மேலே வந்திருக்கிறது, தாராளமாகச் சாப்பிடலாம்.

நன்றாக ஆறிய பிறகே எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக்கி மூடுங்கள். பழம் போட்ட பிஸ்கட் வெறும் பிஸ்கட்டைவிடச் சீக்கிரம் நமத்துவிடும், ஏனென்றால் காற்றின் ஈரம் மட்டுமல்ல, திராட்சையின் ஈரமும் மாவுக்குள் இறங்கும். நமத்தால் 120 டிகிரியில் ஆறேழு நிமிடம் காட்டி ஆறவிடுங்கள், பழைய மொறுமொறுப்பு பெரும்பாலும் திரும்பிவிடும். மொத்த மாவையும் ஒரே நாளில் சுட வேண்டும் என்பதில்லை. பாதி உருளையை ஃப்ரீசரில் போட்டால் ஒரு மாதம் இருக்கும், விருந்தாளி வந்ததும் அறுத்துச் சுடலாம். அவர்களிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள். மேரி பிஸ்கட்டை முக்குவது போல இதை டீயில் முக்கக் கூடாது. இவ்வளவு கொழுப்புள்ள மாவு சூட்டில் நிற்காது, பாதி பிஸ்கட் டம்ளரின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.