பழைய மனையும் புதிய விருந்தும்

விருந்து என்னும் சொல்லுக்குப் பழந்தமிழிலே புதுமை என்பது பொருள். முன்னர் அறிந்திராத ஒருவர் புதிதாய் வந்து வாயிலில் நிற்பதே விருந்து. வந்தவர் புதியவராயினும் அவரை ஏற்கும் மனை மிகப் பழையதாய் இருத்தல் வேண்டும் என்ற விருப்பம் இக்காலத்துப் பயணிகள் பலரிடம் காணப்படுகின்றது. பளிங்குக் கூடமும் மின்தூக்கியும் உடைய பெருவிடுதிகளை விடுத்து, பத்து அறைகள்கூட இல்லாத பழைய வீடொன்றை அவர்கள் தேடிச் செல்கின்றனர். அத்தகைய வீடு எவ்வாறு விடுதியாகின்றது, அங்கே தங்குவோர் எதற்குக் கடமைப்படுகின்றனர் என்பவற்றை, நேயர்களே, இத்தாலி நாட்டின் கடலோரக் கிராமமொன்றை முன்வைத்து நோக்குவோம்.

இத்தாலியின் வடமேற்குக் கரையிலுள்ள மாநிலம் லிகூரியா. அங்கே லா ஸ்பெற்சியா என்னும் துறைமுக நகருக்கு அண்மையில், மலை செங்குத்தாய்க் கடலில் இறங்கும் இடத்தில், ஐந்து சிற்றூர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மொன்தெரோசோ, வேர்னாற்சா, கோர்னீலியா, மனரோலா, றியோமஜோரே என்பன அவற்றின் பெயர்கள். ஐந்து நிலங்கள் என்னும் பொருள்பட இத்தாலியர் அப்பகுதியைச் 'சிங்குவே தெரே' என்பர். 1870ஆம் ஆண்டுகளிலே புகையிரதப் பாதை மலையைக் குடைந்து வரும்வரை, படகும் கோவேறு கழுதை செல்லும் ஒற்றையடிப் பாதையுமே இவ்வூர்களுக்கு வழியாய் இருந்தன. 1997ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ நிறுவனம் இப்பகுதியை உலக மரபுரிமைச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றது. 1999இல் இத்தாலிய அரசு இதனைத் தேசியப் பூங்காவாக்கியது.

இவற்றுள் வேர்னாற்சாவை எடுத்துக்கொள்வோம். சிறு குடாவொன்றைச் சுற்றி வீடுகள் ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கின்றன. சமதரை அரிதாகையால் அவை அகலவில்லை, உயர்ந்தன. மாடிமேல் மாடியாய் ஒடுங்கி எழுந்த இவ்வீடுகளைக் கோபுர வீடுகள் என்பர். சரிவிலே கட்டப்பட்டமையால், இவற்றிற் பலவற்றுக்குக் கீழ்த்தெருவில் ஒரு வாயிலும், பின்புறத்து மேற்சந்தில் இன்னொரு வாயிலும் உண்டு. கடற்கொள்ளையர் அஞ்சப்பட்ட காலத்தில் அவ்விரண்டாம் வாயில் உயிர்காக்கும் வழியாயிற்று. நிலவறையில் வைன் மிடாக்களும் உப்பிட்ட நெத்தலி மீனும் இருந்தன. மேலே குடும்பம் வாழ்ந்தது.

இத்தகைய வீட்டை விடுதியாக்குவோர் எதிர்கொள்ளும் முதற் பகை ஈரம். கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டு கட்டிய தடித்த சுவர், தான் உறிஞ்சிய ஈரத்தை மெல்ல மெல்ல வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சீமெந்து பூசினால் அவ்வழி அடைபடும். உள்ளே தங்கும் ஈரத்தோடு கடற்காற்றின் உப்பும் சேர்ந்து, சில ஆண்டுகளிலே பூச்சு உப்பி உதிரும். ஆகவே நன்கு அறிந்த கொத்தர் பழைய பூச்சை நீக்கி, மீண்டும் சுண்ணாம்பையே பூசுவர். இளஞ்சிவப்பும் காவியும் மஞ்சளுமான வெளிநிறங்களையும் உரிமையாளர் தம் மனம்போல் மாற்றுதல் இயலாது. பண்பாட்டு மரபையும் நிலக்காட்சியையும் காப்பதற்கு 2004ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டக்கோவையின்படி, பாதுகாக்கப்பட்ட இடங்களிலே புறத்தோற்றத்தை மாற்றுவதற்கு முன் அனுமதி பெறுதல் வேண்டும்.

அங்கே தங்கச் செல்பவர் தம் பெட்டியைத் தாமே சுமந்து படியேறுதல் வேண்டும். ஒடுங்கிய படிக்கட்டு, தாழ்ந்த கதவுநிலை, வெளியே வெயில் காய்ந்தாலும் உள்ளே குளிர்ந்திருக்கும் அறை. யன்னலின் பச்சை மரக்கதவில் சாய்ந்த சட்டங்கள் வரிசையாய் இருக்கும். கதவைத் திறவாமலே அதன் கீழ்ப்பகுதியை மட்டும் வெளிப்புறம் உயர்த்தி நிறுத்தலாம். வெயில் தடைபடும், காற்று நுழையும், கீழே தெருவில் நடப்பவரைத் தாம் காணப்படாமலே காணலாம். மின்விசிறி தோன்றுமுன்னரே மக்கள் கண்ட நல்ல உபாயம் இது.

அந்த யன்னல் வழியே கடலைப் பார்ப்பவர் பலர். பின்னாலுள்ள மலையைப் பார்ப்பவர் சிலர். உண்மையிலே அவ்வறையைத் தாங்கி நிற்பது அந்த மலைதான். மலைச்சரிவு முழுவதையும் படிபடியாய் வெட்டி, ஒவ்வொரு படியின் விளிம்பிலும் சாந்து இன்றிக் கல்லை மட்டும் அடுக்கி மதில் எழுப்பி, மேலே திராட்சை வளர்த்தனர் முன்னோர். சாந்து இல்லாமை குறையன்று. கற்களின் இடைவெளியூடே மழைநீர் கசிந்து வெளியேறும்; மண் மட்டும் உள்ளே நிற்கும். நீர் தேங்கினால் அதன் பாரம் மதிலையே தள்ளிவிடும். ஆயினும் இம்மதில் ஓயாத பராமரிப்பை வேண்டுவது. ஓரிடத்தில் வயிறு தள்ளினால் உடனே பிரித்து அடுக்குதல் வேண்டும். அக்கொடிகளின் பழத்தை நிழலிலே உலர்த்தி, நவம்பர் முதலாந் தேதிக்குப் பின்னரே பிழிந்து, 'சக்கெத்ரா' என்னும் இனிய வைனை வடிக்கின்றனர். 2018ஆம் ஆண்டிலே, சாந்தின்றிக் கல்லடுக்கும் இக்கலையை இத்தாலி உட்பட எட்டு ஐரோப்பிய நாடுகளின் மரபாக யுனெஸ்கோ ஏற்றுக்கொண்டது.

கலை போற்றப்பட்டது, செய்யும் கைகளோ குறைந்துவிட்டன. 1869இல் லா ஸ்பெற்சியாவிலே திறக்கப்பட்ட கடற்படைத் தளமும், பின்னர் வந்த நகரத் தொழில்களும் இளைஞரை மலையிலிருந்து இறக்கின. இறுதியில் வந்தது உல்லாசப் பயணம். கல் சுமப்பதிலும் பார்க்க அறையை வாடகைக்கு விடுவது எளிது. அவர்களை யார் குறைகூற முடியும்? ஆனால் கைவிடப்பட்ட மதில் காத்திருப்பதில்லை.

2011ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆந் தேதி சில மணி நேரத்துள் பெருமழை கொட்டியது. வேர்னாற்சாவின் பிரதான தெரு ஒரு சிற்றாற்றின்மேல் மூடி அமைக்கப்பட்டது. மலையிலிருந்து சரிந்த மண்ணும் கல்லும் மரமும் அத்தெருவழியே பாய்ந்து, கடைகளையும் வீடுகளின் கீழ்த்தளங்களையும் நிரப்பிக் கடலில் வீழ்ந்தன. அவ்வூரில் மூவர் மாண்டனர். கைவிடப்பட்ட படிநிலங்கள் அன்று எளிதிற் சரிந்தன என்பதைப் பின்னர் ஆராய்ந்தோர் கண்டனர். அழகாகப் புதுக்கிய அறையின் வாயிலை அடைத்தது, யாரும் பேணாத மதிலின் மண்ணே.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. விடுதியாகாவிட்டால் பல பழைய வீடுகள் இடிந்து போயிருக்கும்; விருந்தினர் தரும் பணமே கூரையைக் காத்தது. ஆனால் எல்லா வீடும் விடுதியாகிவிட்டால், மலைக்கு ஏறுபவர் எங்கே குடியிருப்பார்? 1976ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தாற் சிதைந்த பிரியூலிப் பகுதியிலே, திருத்திய பின்னும் ஆளின்றிக் கிடந்த வீடுகளுக்கு உயிரூட்ட ஒரு கருத்துப் பிறந்தது. ஊரிலே பரந்து கிடக்கும் பல வீடுகளின் அறைகளை ஒரே நிருவாகத்தின்கீழ் ஒரு விடுதியாக்குவது அது. 'பரவிய விடுதி' என்று அதனை இத்தாலியர் அழைக்கின்றனர். 1998இல் சார்டீனியாத் தீவு அதற்கெனச் சட்ட இடமளித்தது. அத்தகைய விடுதி அமைவதற்கு அடிப்படை, அங்கே உயிருள்ள ஊர் ஒன்று இருத்தலாகும். மக்கள் இல்லாத ஊரிலே அறைகள் பரவிக் கிடக்கலாம். அது விடுதியாகுமேயன்றி ஊராகாது.

வெள்ளத்தின் பின்னர் வேர்னாற்சாவிலே ஒரு நல்ல முயற்சி தொடங்கிற்று. வந்த விருந்தினரையே திராட்சைத் தோட்டத்துக்கு அழைத்து, ஊர்ப் பெரியவர்களோடு சேர்ந்து மதில் அடுக்கச் செய்தனர். ஒரு நாளில் ஒருவர் அடுக்கும் கல் சொற்பமே. ஆனால் அன்றிரவு தம் அறைக்குத் திரும்பி யன்னலைத் திறப்பவர், கடலை மட்டுமன்றி மலையையும் பார்ப்பார்.

அவ்வாறு உதவ எல்லாராலும் இயலாது. இயன்றது ஒன்றுண்டு. அங்கே செல்பவர், தாம் தங்கும் வீட்டுக்காரர் அவ்வூரில் வாழ்பவரா என்று கேட்டறியலாம். அம்மலையில் விளைந்ததை வாங்கி உண்ணலாம். மாரிக்காலத்திலும் அவ்வூர் இருக்கின்றது என்பதை நினைவிற் கொள்ளலாம். புதியவர் வருவதால் பழைய மனை நிலைக்கும். அந்த மனையைச் சூழ்ந்து மனிதர் வாழ்ந்தால்தான், அடுத்து வரும் புதியவரை வாயிலில் நின்று வரவேற்பதற்கு ஒருவர் இருப்பார்.