ஐடிலிங் ஏறினால் ஸ்க்ரூவைத் திருகாதீர்கள்!



இரவு கடை அடைத்துக் கல்லாவை எண்ணும்போது நானூறு ரூபாய் குறைந்தால் நமக்குத் தூக்கம் வருவதில்லை. நானூறு ரூபாய் கூடினால்? புதிதாகக் கல்லாவில் உட்கார்ந்த பையன் மகிழ்ந்து போவான். அனுபவப்பட்ட வியாபாரி அப்போதும் தூங்க மாட்டார். எங்கேயோ ஒரு பில் எழுதாமல் விட்டிருக்கிறது, அல்லது யாருக்கோ மீதிச் சில்லறை கொடுக்காமல் விட்டிருக்கிறது என்று தேடத் தொடங்குவார். குறைவு பிழை என்றால் கூடுதலும் பிழைதான்.

பழைய காரின் எஞ்சினும் இப்படித்தான். ஐடிலிங் குறைந்து வண்டி நின்று நின்று போனால் உடனே பட்டறைக்கு ஓடுகிறோம். ஐடிலிங் கூடி, நியூட்ரலில் நிற்கும்போதே எஞ்சின் தானாக ரேஸ் ஆனால், "வண்டி நல்ல ஜோராக இருக்கிறது" என்று விட்டுவிடுகிறோம். பட்டறைக்குப் போனாலும் கார்புரேட்டரில் உள்ள ஸ்க்ரூவைக் கால் திருகு திருப்பிச் சத்தத்தை அடக்கி அனுப்பிவிடுகிறார்கள். இது கல்லாவில் கூடிய நானூறு ரூபாயை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு கணக்கு நேராகிவிட்டது என்று சொல்வதைப் போன்றது.

இதனை நாங்கள் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஏற்காடு மலைப்பாதையில் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

எங்கள் வேன் கற்றுக்கொடுத்த பாடம்

எங்கள் கடை செவ்வாய்ப்பேட்டையில். குடோன் கொண்டப்பநாயக்கன்பட்டியில். ஏற்காட்டுக் கடைகளுக்குப் பலசரக்கு ஏற்றிப் போவதும், வரும்போது மிளகு, காப்பிக்கொட்டை மூட்டைகளை ஏற்றி வருவதும் எங்கள் வழக்கம். அதற்கு 1997 மாடல் மாருதி ஆம்னி வேன் ஒன்று வைத்திருந்தோம். மூன்று சிலிண்டர், 796 சி.சி., கார்புரேட்டர் வண்டி. எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும். சீட்டைத் தூக்கினால் எல்லாம் கைக்கு எட்டும்.

2006-ஆம் ஆண்டு கோடையில் அந்த வேனின் ஐடிலிங் ஏறத் தொடங்கியது. காலையில் ஒழுங்காக இருக்கும். எஞ்சின் சூடேறியதும் ஆக்சிலேட்டரை மிதிக்காமலேயே ரேஸ் ஆகும். ஐந்து ரோட்டில் சிக்னலுக்கு நிற்கும்போது முன்னால் தள்ளும். பட்டறையில் காட்டினோம். ஸ்க்ரூவைக் குறைத்துக் கொடுத்தார்கள். சத்தம் அடங்கியது, நாங்களும் மறந்துவிட்டோம்.

ஒரு மாதம் சென்றிருக்கும். நான்கு மிளகு மூட்டைகளுடன் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். சேலம் பக்கத்து ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் என்பது உங்களுக்குத் தெரியும். பாதி வளைவு கடந்த பிறகு, "பிரேக் கல்லு மாதிரி இருக்குங்க" என்றான் எங்கள் டிரைவர் தம்பி. மிதி கீழே இறங்கவில்லை. இரண்டு காலாலும் ஊன்றி மிதித்து, இரண்டாவது கியருக்கு இறக்கி, கை பிரேக்கையும் மெல்ல இழுத்து, மண் மேட்டோரமாக ஒருவாறு நிறுத்தினான். யாருக்கும் காயம் இல்லை. ஆனால் அன்று மிளகுக்கு விலை வைத்த மனத்துடன் நாங்கள் கீழே இறங்கவில்லை.

அடிவாரத்தில் ஒரு முதிய மெக்கானிக் சீட்டைத் தூக்கிப் பார்த்தார். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ், மேனிஃபோல்டில் மாட்டும் இடத்தில் வெடித்திருந்தது. "முதலாளி, இதுக்கு முன்னே ஐடிலிங் ஏறிச்சா?" என்று கேட்டார். ஏறியது, ஸ்க்ரூவைக் குறைத்தோம் என்றோம். "ஸ்க்ரூவை ஏங்க தொட்டீங்க? காத்து எங்கிருந்து வருதுன்னு அல்லவா பாத்திருக்கணும்!" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை விளக்குவதற்கே இக்கட்டுரை.

எஞ்சின் மூச்சுவிடும் முறை

ஆக்சிலேட்டரை மிதித்தால் பெட்ரோல் போகிறது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் பெட்ரோல் வண்டியில் நம் கால் திறப்பது காற்றின் கதவை. கார்புரேட்டரின் கழுத்தில் திராட்டில் என்ற வட்டத் தகடு இருக்கிறது. அது திறந்தால் காற்று பாயும். பாயும் காற்று தன்னோடு பெட்ரோலை இழுத்துக்கொள்ளும். காலை எடுத்தால் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். மீதமுள்ள சிறு இடுக்கு வழியாக வரும் காற்றில் எஞ்சின் மெதுவாக ஓடும். இதுதான் ஐடிலிங். மாருதி வண்டிகளில் இது நிமிடத்துக்கு ஏறத்தாழ 900 சுற்று.

தகடு மூடியிருக்கும்போது பிஸ்டன்கள் இழுக்கும் இழுப்பால் மேனிஃபோல்டுக்குள் பலத்த உறிஞ்சல் உண்டாகிறது. இதையே வேக்குவம் என்கிறோம். பிரேக் பூஸ்டர் நம் கால் பலத்தைப் பெருக்கித் தருவது இந்த உறிஞ்சலைக் கொண்டுதான். தகட்டுக்குப் பின்னால் எங்கே ஓட்டை விழுந்தாலும் அங்கே கணக்கில் இல்லாத காற்று உள்ளே வரும். ஐடிலிங் ஏறும், அல்லது ஏறி ஏறி இறங்கும். பூஸ்டருக்கு வேண்டிய உறிஞ்சலும் குறையும். ஸ்க்ரூவைக் குறைத்தால் நேர்வழியில் வரும் காற்று குறைகிறதே தவிர, திருட்டு வழி அப்படியே இருக்கிறது.

இன்னொன்று. ஐடிலிங் கூடிய வண்டி மலை இறங்கும்போது எஞ்சின் பிடித்து நிறுத்த வேண்டிய அளவு நிறுத்தாது. அந்தப் பாரமும் பிரேக்கின் மீது விழும்; பிரேக் சூடேறும்.

வரிசையாகத் தேடும் முறை

எஞ்சினைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடேற்றிய பிறகே தேடத் தொடங்க வேண்டும். சோக் இழுத்த குளிர் எஞ்சின் ரேஸ் ஆவது இயல்பு. அது கோளாறு அன்று. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் துண்டுடன் ஓடும் எஞ்சின் மேல் குனியாதீர்கள். பெல்ட்டும் பேனும் ஆள் பார்ப்பதில்லை.

1. மிதியும் கேபிளும்: எஞ்சினை அணைத்துவிட்டுப் பாருங்கள். கால்மிதி மடிந்து ஆக்சிலேட்டரின் மேல் கிடக்கிறதா? கேபிள் பிரிந்து உறைக்குள் சிக்குகிறதா? மிதியைக் கையால் அழுத்தி விட்டால் டக்கென்று திரும்ப வேண்டும். கேபிளில் சிறிது தொய்வும் இருக்க வேண்டும். திரும்ப இழுக்கும் ஸ்பிரிங் தளர்ந்தாலும் இதே கோளாறுதான். செலவில்லாத சோதனை, பாதிச் சமயம் விடை இங்கேயே கிடைத்துவிடும்.

2. சோக்: குமிழை உள்ளே தள்ளிவிட்டோம் என்பதால் சோக் விலகிவிட்டது என்று பொருள் இல்லை. ஏர் பில்டரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாயில் உள்ள சோக் தகடு நேராக நிற்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். அரைகுறையாக மூடியிருந்தால் ஐடிலிங்கும் ஏறும், பெட்ரோலும் குடிக்கும், புகையும் கறுக்கும்.

3. ஏ.சி. ஏற்பாடு: ஏ.சி. போட்டால் எஞ்சின் நின்றுவிடாமலிருக்க ஐடிலிங்கை உயர்த்தும் சிறு கருவி சில வண்டிகளில் உண்டு. ஏ.சி.யை அணைத்த பிறகும் அது திராட்டிலைத் தள்ளிக்கொண்டே இருக்கிறதா என்று பாருங்கள்.

4. ரப்பர் ஹோஸ்கள்: பூஸ்டர் ஹோஸ், டெல்கோவுக்குப் போகும் மெல்லிய குழாய், எஞ்சின் ஆவியை மேனிஃபோல்டுக்குத் திருப்பும் குழாய் ஆகியவற்றை ஒவ்வொன்றாக நுனி முதல் அடி வரை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் மாட்டும் இடத்தில்தான் ஒளிந்திருக்கும். எஞ்சின் ஓடும்போது 'உஸ்' என்ற சத்தம் கேட்கிறதா? ஹோஸ் ஒவ்வொன்றையும் ஒரு நொடி இறுக்கிப் பிடியுங்கள். எதை இறுக்கும்போது சத்தம் மாறுகிறதோ, அந்தக் குழாயின் வழியில்தான் திருடன் இருக்கிறான்.

5. பேக்கிங்: கார்புரேட்டருக்கு அடியிலும், மேனிஃபோல்டு ஹெட்டோடு சேரும் இடத்திலும் பேக்கிங் காய்ந்து போயிருக்கலாம். அந்த விளிம்புகளில் சோப்புத் தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தடவினால், ஓட்டை உள்ள இடத்தில் தண்ணீர் உறிஞ்சப்பட்டு எஞ்சின் சத்தம் மாறும். டெல்கோவில் தண்ணீர் படக் கூடாது. சில பட்டறைகளில் இதற்குப் பெட்ரோலையே பீய்ச்சுகிறார்கள். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் தெளிப்பது தீக்கு அழைப்பு வைப்பதாகும், அனுமதிக்காதீர்கள்.

6. தேய்மானமும் டைமிங்கும்: பல ஆண்டு ஓடிய கார்புரேட்டரில் திராட்டில் தண்டு தேய்ந்து ஆடும், அந்த இடைவெளியிலும் காற்று நுழையும். ஸ்க்ரூ இதற்கு மருந்தாகாது. புது புஷ் போட வேண்டும், அல்லது கார்புரேட்டரையே மாற்ற வேண்டும். டெல்கோவை யாராவது திருப்பி டைமிங்கை முன்னுக்குத் தள்ளியிருந்தாலும் ஐடிலிங் ஏறும்.

7. ஸ்க்ரூ: இவை அனைத்தும் சரி என்று உறுதியான பின்னரே ஸ்க்ரூவுக்கு வர வேண்டும். அதிலும் வேகத்துக்கு ஒன்று, பெட்ரோல் கலவைக்கு ஒன்று என இரண்டு உண்டு. திருப்பும் முன் எத்தனை திருகு என்று எண்ணிக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முடிந்ததும் புகைச் சோதனை மீட்டரில் காட்டிவிடுவது நல்லது. பாரத் ஸ்டேஜ் விதிகளுக்கு முந்தைய நான்கு சக்கரப் பெட்ரோல் வண்டிகளில் ஐடிலிங்கின்போது கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

2000-ஆம் ஆண்டை ஒட்டி வந்த எம்.பி.எப்.ஐ. வண்டிகளில் கார்புரேட்டரும் இல்லை, சோக்கும் இல்லை. அங்கே ஐடிலிங்கைப் பார்த்துக்கொள்ளும் தனி வால்வு இருக்கிறது. அது கரி பிடித்துத் திறந்தபடி சிக்கிக்கொள்வதும், எஞ்சின் சூட்டை அளக்கும் சென்சார் தவறாகச் சொல்வதும் அடிக்கடி காணும் கோளாறுகள். ஆனால் ஹோஸ் ஓட்டைக்கு அங்கும் விதிவிலக்கு இல்லை. ஸ்கேனர் மாட்டும் முன் ஹோஸைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிரேக்குக்கு அரை நிமிடச் சோதனை

பூஸ்டர் உள்ள வண்டி வைத்திருப்போர் அனைவரும் இதைச் செய்யலாம். எஞ்சினை அணைத்துவிட்டு பிரேக்கை ஐந்தாறு முறை மிதியுங்கள், மிதி இறுகும். அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி சற்றே தானாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள். எங்கள் வேனுக்கு ஒரு மாதம் முன்பே இந்தச் சோதனையைச் செய்திருந்தால் மலையில் அந்த நாள் வந்திராது.

இப்போது ஏன் இந்தக் கவலை?

அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றது. மாருதி 800 அதே ஆண்டு ஜனவரியில் நின்றது. ஆம்னியும் 2019-ல் விடைபெற்றது. ஆனால் நம் வணிகர்கள் பலரிடம் இந்த வண்டிகள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. நாமக்கல்லும் சங்ககிரியும் லாரிக்குப் பேர் போன ஊர்கள். டீசல் எஞ்சினுக்கு நம் பகுதியில் கைதேர்ந்தவர்கள் நிறைய. பெட்ரோல் கார்புரேட்டரைக் காதால் கேட்டே சரிசெய்யும் கைகள்தான் குறைந்துவிட்டன.

பெட்ரோலும் மாறிவிட்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, 2025-க்குள் நாடெங்கும் வந்துவிட்டது. பழைய வண்டிகளின் ரப்பரும் வாஷரும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. சில ஊறும், சில காய்ந்து வெடிக்கும். ஆகவே பதினைந்து, இருபது ஆண்டு ஓடிய வண்டி என்றால், கோளாறு வரும்வரை காத்திராமல் பெட்ரோல் ஹோஸ்களையும் வேக்குவம் ஹோஸ்களையும் ஒருமுறை முழுவதுமாக மாற்றிவிடுவது உத்தமம். எங்களுக்கு அன்று மாற்றிய ஹோஸின் விலை, வேனில் இருந்த மிளகில் ஒரு கிலோவின் விலைகூட இல்லை.

அடுத்த முறை உங்கள் வண்டி நின்ற இடத்தில் ரேஸ் ஆனால் மகிழாதீர்கள்; மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரை எடுத்ததும் கையைப் பிடித்து நிறுத்துங்கள். "காற்று எங்கிருந்து வருகிறது?" என்று கேளுங்கள். விடை தெரிந்த பிறகு திருகட்டும். கணக்கில் இல்லாமல் வந்தது காசானாலும் காற்றானாலும், வந்த வழி தெரியாமல் நாம் கடையை அடைக்கக் கூடாது.